இரு தோள்களில் இரு கமராக்கள்

கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுப்பது என் தொழில். "ஏன் புள்ள ரெண்டு கமரா? ஒண்டு போதாதா?" என்று கேட்காத மூத்தம்மாக்கள் குறைவு. நியாயமான கேள்விதான்.

பிலிம் காலத்திலும் இரண்டு கமரா தூக்கியவர்கள் இருந்தார்கள். ஒன்றில் வர்ணச் சுருள், மற்றதில் கறுப்பு வெள்ளை. ஒரு சுருளில் 36 படங்கள் முடிந்ததும் மறு கமரா கைகொடுக்கும். இன்று காரணம் வேறு. மணமகளையும் அவளைச் சூழ்ந்து நிற்கும் பிள்ளைகளையும் அடக்க அகன்ற வில்லை வேண்டும். மண்டபத்தின் மறுமூலையில் யாருக்கும் தெரியாமல் கண் கலங்கும் உம்மாவைப் பிடிக்க நீண்ட வில்லை வேண்டும். வில்லையை மாற்றி முடிப்பதற்குள் அந்தக் கண்ணீர் துடைக்கப்பட்டிருக்கும். கிட்டப் போனாலோ பர்தாவைச் சரிசெய்துகொண்டு சிரிப்பார். ஆக, இரண்டாவது கமரா ஆடம்பரமல்ல. அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் இருந்த இடத்திலேயே நிற்பதற்கான வழி.

ஆனால் அதன் சுமையை உடம்புதான் தாங்க வேண்டும். 2012இல் வந்த கெனன் 5டி மார்க் 3 பற்றரியோடு 950 கிராம். அதற்குரிய 24-70 வில்லை 805 கிராம், 70-200 வில்லை 1490 கிராம். இரண்டு கமரா, இரண்டு வில்லை, இரண்டு பிளாஷ் என்று கூட்டினால் 5 கிலோவைத் தாண்டும். பெட்டியோடு வரும் ஒடுங்கிய பட்டிகளில் இவை இரண்டையும் கழுத்தில் மாட்டினால் ஒன்றோடொன்று மோதும், பட்டிகள் முறுக்கிக்கொள்ளும், பிடரி கடுக்கும். எங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கமராவை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் பட்டி பர்தாவை இழுக்கும், ஊசி கழலும்.

இதற்குத் தீர்வு இரட்டைத் தோள்பட்டி. முதுகில் இணைந்து, இரு தோள்களின் வழியாக இறங்கி, இடுப்பின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு கமராவைத் தொங்கவிடும். கழுத்துக்கு வேலையில்லை. முக்காலி பூட்டும் கால் அங்குலத் துளையில் கொக்கியைத் திருகிவிட்டால், கமரா பட்டி வழியே வழுக்கி மேலே வரும். நீண்ட வில்லைக்குக் கமராவில் அல்ல, வில்லையின் கழுத்து வளையத்துக் காலில் பூட்ட வேண்டும். அப்போதுதான் பாரம் சமநிலையில் நிற்கும். திருகாணி மெல்லக் கழலக்கூடியது. ஆகவே தனியாக ஒரு காப்புக் கயிறு கட்டாமல் நான் வீட்டை விட்டு இறங்குவதில்லை. பர்தாவின் நுனிகளைப் பட்டிக்கு உள்ளே அடக்கிவிட்டால் ஹபாயாவின் மேல் பட்டி அசையாமல் கிடக்கும்.

இரண்டு கமராக்களின் கடிகாரங்களையும் விடியற்காலையிலேயே ஒரே நேரத்துக்கு வைத்துவிடுவேன். இல்லாவிட்டால் அல்பத்தில் மணமகள் வருவதற்கு முன்பே விடைபெற்றுப் போய்விடுவாள்!

நம் சுகத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இடுப்பில் தொங்கும் கமரா நாலைந்து வயதுப் பிள்ளையின் தலை உயரத்தில் ஆடுகிறது. தரையில் சஹனைச் சுற்றி இருப்பவர்களின் முகத்துக்கு நேராகவும் வருகிறது. நீண்ட வில்லையோடு அது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. எனவே நடக்கும்போது இரு கைகளும் இரு கமராக்களின் மேல் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒன்றைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவேன். ஸலாம் சொல்லிக் கட்டியணைக்க வருபவருக்கும் இடமிருக்க வேண்டுமல்லவா?

இவ்வளவும் எதற்கு? பெண் ஒருத்தி எடுப்பதென்றால் மட்டுமே படத்துக்குச் சம்மதிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவளுடைய முதுகு ஓய்ந்துபோனால் அந்த வீட்டுக் கலியாணத்தில் உம்மாவின் முகமும் உம்மம்மாவின் முகமும் எங்கும் பதியாமலே போய்விடும். ஆண்கள் பக்கம் பாரத்தைப் பகிர உதவியாளர் இருப்பார். நான் பெரும்பாலும் தனி.

ஆகவே தொழிலுக்குப் புதிதாக வரும் தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டாவது கமராவுக்குக் காசு சேர்க்கும்போதே நல்லதொரு பட்டிக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமராவை விற்று வேறு வாங்கலாம். முதுகு ஒன்றுதான்.