'முடியலை' என்று சொல்லவும் தைரியம் வேண்டும்!

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், குழுப் போட்டியில் ஒரே ஒரு தாவலோடு விலகிக்கொண்டார். கை காலில் அடியா? இல்லை. அந்தரத்தில் சுழலும்போது தரை எந்தப் பக்கம் என்ற நிதானமே தப்பிப் போயிற்றாம். தவறி விழுந்தால் கழுத்து என்னாவது?

"இவ்வளவு தூரம் வந்துட்டு விட்டுட்டாளே!" என்றார் என் மாமியார்.

வாலிபால் ஆடும் என் மகள் மெல்லச் சொன்னாள்: "பாட்டி, மேட்ச்சுக்கு முதல் நாள் எனக்கும் தூக்கமே வராது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். பயந்தாங்கொள்ளின்னுடுவீங்கன்னு சொல்லலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணுக்கால் சுளுக்கினால் உடனே கட்டுப் போடுகிறோம். மனசு சுளுக்கினால்? மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மூச்சுப் பயிற்சி, வேளைக்குத் தூக்கம், மனம்விட்டுப் பேச்சு என்று படிப்படியாகத் தேறினாள்.

பைல்ஸ்? ஒரே வாரத்தில் திரும்பி வந்து, பீம் போட்டியில் வெண்கலம் வாங்கினார். பிறகு இரண்டு வருஷம் ஓய்வு, மனநல சிகிச்சை. 2024 பாரிஸில் 3 தங்கம், 1 வெள்ளி! குழுப் போட்டியன்று காலையில்கூட ஆலோசகரிடம் பேசிவிட்டுத்தான் களம் இறங்கினாராம்.

சகோதரிகளே, குழந்தை "முடியலைம்மா" என்றால் சாக்கு என்று தள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.