500 ரூபாயில் பட்டணப் பிரவேசம்

பட்டணத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான வியாதி உண்டு. பட்டணத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை! மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிறவர்கள் மூன்றே நாளில் சென்னையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பி ஆறு மாதம் அதைப் பற்றியே பேசுகிறார்கள். வெள்ளானூர்க்காரர்களோ, "கூப்பிடு தூரந்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே வருஷங்களைத் தள்ளிவிடுகிறார்கள்.

சோம்பல் மட்டும் இதற்குக் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். ஆவடிக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது வெள்ளானூர். பட்டணத்து வாடகை கட்டுப்படியாகாமல் மேற்கே நகர்ந்து வந்து, கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். சம்பளம் வந்ததும் வீட்டுக் கடனுக்கு ஒரு பங்கு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பங்கு, மளிகைக் கடைக்கு ஒரு பங்கு. கடைசியில் கையில் மிஞ்சுவது பெருமூச்சுதான். "அப்பா, பட்டணம் போகலாம்" என்று குழந்தைகள் கேட்டவுடன் அப்பாவின் மனக்கண் முன்னால் வாடகைக் கார், சினிமா டிக்கெட், ஹோட்டல் பில் ஆகிய மூவரும் கைகோத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார் அவர். அந்த அடுத்த மாதம் வருவதே இல்லை.

இதில் நஷ்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அல்ல. 'பட்டணம் என்பது காசு உள்ளவர்களுக்கு. நமக்கு அல்ல' என்ற எண்ணம் அந்தச் சின்ன மனசில் வேரூன்றிவிடுகிறதே, அதுதான் பெரிய நஷ்டம். அது சரியான எண்ணமும் அல்ல. காசு கேட்பவை கடைகள், பட்டணம் கேட்பதில்லை. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் ஆக நான்கு பேருக்கு 500 ரூபாயை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கணக்குப் பிறகு பார்ப்போம்.

வெள்ளானூரில் ரயில் நிலையம் கிடையாது. பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து ஆவடிக்கு வரவேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பஸ் கிடைத்தால் அம்மாவுக்கும் பெண் குழந்தைக்கும் கட்டணம் இல்லை; 2021-ஆம் வருஷம் மே மாதம் வந்த சலுகை இது.

ஆவடி லேசுப்பட்ட ஊர் அல்ல. 1955 ஜனவரியில் இங்கே கூடிய காங்கிரஸ் மகாசபைதான், சோஷலிச பாணி சமுதாயமே நாட்டின் லட்சியம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தின் பலாபலன்களைப் பற்றி அரசியல்வாதிகள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவான சொத்து எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால், ஆவடியில் ரயில் ஏறினால் போதும்!

அந்த ரயில் பாதையே ஒரு பொதுச் சொத்து. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடுக்கு ஓடியது. அது போன வழிதான் நம் ஆவடி வழி. அவ்வளவு பழைய பாதையில், மின்சார ரயிலில், சென்னை சென்ட்ரல் வரை ஒருவருக்குக் கட்டணம் பத்து ரூபாய்க்கு மேல் போகாது. ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் அம்பத்தூரும் வில்லிவாக்கமும் பெரம்பூரும் இலவசக் காட்சிகள். ஆனால் ஒன்று: ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு. காலையில் சீக்கிரமே கிளம்புவது உத்தமம்.

சென்ட்ரலில் நம் வண்டி போய் நிற்கும் புறநகர் நிலையத்துக்கு 'மூர் மார்க்கெட் வளாகம்' என்று பெயர். அங்கே எந்த மார்க்கெட்டும் இல்லையே என்று குழந்தைகள் கேட்பார்கள். 1900-இல் திறக்கப்பட்டு, பழைய புத்தகத்திலிருந்து வளர்ப்புப் பறவை வரையில் விற்றுவந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-இல் தீக்கிரையாயிற்று. பெயர் மட்டும் ரயிலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதிரே பூங்கா நிலையத்துக்கு நடந்துபோய், தாம்பரம் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடை. அரசு அருங்காட்சியகம் காலை ஒன்பதரை மணிக்குத் திறக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம்! நுழைவுக் கட்டணம், நல்ல ஓட்டலில் ஒரு காப்பிக்குக் கொடுக்கும் தொகைக்குள் அடங்கிவிடும்.

1851-இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்தை முதலில் நடத்திய எட்வர்டு பால்ஃபர் என்ற டாக்டர், ஜனங்களை இழுப்பதற்காக உயிருள்ள மிருகங்களையும் இங்கே கொண்டுவந்து வைத்தார். அதுவே சென்னை மிருகக்காட்சிசாலையின் ஆரம்பம். பிறகு அது சென்ட்ரலுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போயிற்று. 1985-இல் வண்டலூரில் பெரிதாகத் திறக்கப்பட்டது. எழும்பூரில் இப்போது உயிருள்ள புலி இல்லாவிட்டாலும், திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. அதைக் கண்ட பையன் அரை மணி நேரம் வாய் திறக்கமாட்டான். வீட்டில் எத்தனை முயன்றும் கிட்டாத அமைதி!

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். அமராவதிப் பளிங்குச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, நேரே வெண்கலச் சிலைகளின் கூடத்துக்குப் போங்கள். அங்கே சோழர் காலத்து நடராஜர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் திருவாசி இல்லை. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. பிரான்ஸ் தேசத்தின் மகா சிற்பி ரோதேன், சென்னை நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே மனம் பறிகொடுத்து ஒரு கட்டுரை எழுதினார். நேரில் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. நமக்கோ பத்து ரூபாய் தூரந்தான்.

இன்னொரு விஷயத்தையும் குழந்தைகளிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த நடராஜரின் ஊர் திருவாலங்காடு. ஆவடியில் சென்ட்ரல் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் அரக்கோணம் வண்டியில் ஏறினால், திருவள்ளூரைத் தாண்டி வருகிற ஊர். உலகம் முழுவதும் கொண்டாடும் அந்தச் சிலை எங்கோ தூர தேசத்திலிருந்து வந்ததல்ல. நம் ரயில் பாதை ஓரத்து ஊரின் சொத்து. இதைக் கேட்ட பிறகு குழந்தை அந்தச் சிலையைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். சொந்தக்காரரைப் பார்க்கிற பார்வை அது!

மத்தியானச் சாப்பாடுதான் பட்ஜெட்டின் பரம சத்துரு. நான்கு பேர் ஹோட்டலுக்குள் நுழைந்தால் 500 ரூபாயும் அங்கேயே காணிக்கை. புளியோதரையும் தயிர் சாதமும் கட்டி, மாவடுவோ வடாமோ சேர்த்துக்கொண்டு போனால் கவலை இல்லை. தண்ணீரும் வீட்டிலிருந்தே. எங்கே உட்காரலாம் என்று விசாரித்துக்கொண்டு, வெளியே மர நிழலில் கட்டைப் பிரித்தால், வீட்டில் வேண்டாம் என்ற அதே தயிர் சாதத்துக்குச் சண்டை நடக்கும். கூடவே ஒரு பை கொண்டுபோய்க் குப்பையை அதில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

வெயில் தாழ்ந்ததும் எழும்பூரிலிருந்து மறுபடி பூங்கா நிலையம். பக்கத்திலேயே பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி, சேப்பாக்கத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் கடல் காற்று முகத்தில் அடிக்கும்.

மெரினாவுக்கு அந்தப் பெயரை வைத்து, நடைபாதை அமைத்தவர் கவர்னர் கிராண்ட் டஃப், வருஷம் 1884. அந்த நாளில் மணற்பரப்பு இத்தனை அகலம் இல்லை. வடக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியபோது, தெற்கிலிருந்து அலை தள்ளிக்கொண்டு வந்த மணல் மேலே போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்டது. தங்கித் தங்கி இந்தப் பெரிய கடற்கரை உண்டாயிற்று. அதே காரணத்தால் வடக்கே ராயபுரம் பக்கத்தில் கடல் கரையை அரித்தது. ஓரிடத்து வரவு இன்னோரிடத்துச் செலவு!

கடற்கரையின் வடகோடியில் உழைப்பாளர் சிலை. நான்கு பேர் ஒரு பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். எழும்பூர் ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959-இல் இங்கே வைத்தார்கள். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடியது இந்த ஊர்க் கடற்கரையில்தான். அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஆவடித் தொழிற்சாலையிலோ வாரம் முழுதும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் அப்பா, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தச் சிலையின் முன்னால் நிற்கட்டும். விளக்கம் ஒன்றும் வேண்டியதில்லை.

கடலில் கால் நனைத்தால் போதும். குளிக்க இறங்கவே கூடாது. மேலே சாதுவாகத் தோன்றும் அலைக்கு அடியில் இழுக்கும் நீரோட்டம் பொல்லாதது. நனைந்த காலோடு மணலில் உட்கார்ந்து, மாங்காய் போட்ட சுண்டல் ஆளுக்கு ஒரு பொட்டலம். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இனிக் கணக்கு. போக வர ரயில், நடுவில் ஏறிய ரயில்கள், ஆவடி வரைக்கும் வண்டி, அருங்காட்சியகம், சுண்டல், அடம் பிடித்து வாங்கிய ஒரு பலூன், எல்லாம் சேர்த்தாலும் 500 ரூபாயில் ஏதோ கொஞ்சம் மீதி இருக்கும். அதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை கலங்கரை விளக்கம், அதற்கு அடுத்த தடவை கோட்டூர்புரத்து அண்ணா நூலகம் என்று பட்டியல் நீளமானது.

திரும்பும் வண்டியில் குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில், "பட்டணத்தில் எங்கள் நடராஜர் இருக்கிறார், எங்கள் கடல் இருக்கிறது" என்று சொல்வார்கள் அல்லவா? அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்கு எந்தக் கடையிலும் விலை போட முடியாது.