முல்லைத்தீவில் ஒரு நாழிகை

சென்ற ஆண்டு வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனைத் தரிசித்து யாழ்ப்பாணம் திரும்புகையில், தேநீர் அருந்தும் பொருட்டு முல்லைத்தீவு நகரிற் சற்றே தங்கினோம். பிள்ளைகள் கடலைக் கண்டதும் ஓடிவிட்டனர். 1803இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை இவ்வூரிலேதான் இருந்தது என்று சொல்லத் தொடங்கினோம், கேட்பாரில்லை. வாத்தியார் வழிப்பயணத்திலும் வாத்தியாரே!

2004 மார்கழி 26ஆம் நாட் காலை ஆழிப்பேரலை இக்கரையை வாரிச் சென்றது. அதன்பின் கட்டியவற்றையும் 2009இல் முடிந்த யுத்தம் சிதைத்தது. இன்று நாம் காணும் கடைகளும் வீதியும் மீட்டும் மீட்டும் எழுந்தவை.

இதுகாறும் நாம் இவ்வூருக்கு வாராமைக்குக் காரணமுண்டு. அப்பொழுது நாம் தொழிலுக்குப் புதியோம்; கல்லூரி விடுதிப் பொறுப்பும் எம்மிடமே இருந்தது. இவ்வூர் மாணாக்கன் ஒருவன், கணிதம் படிப்பதற்காக விடுமுறையிலும் விடுதியில் தங்க விரும்பினான். "தாயைப் பார்த்து வா" என வற்புறுத்தி அனுப்பினோம். தை மாதம் வரவுப் பதிவேட்டில் அவன் பெயர்மீது கோடிட்ட கையும் எம்முடையதே. இதனை இல்லாளிடமுங் கூறியதில்லை.

தேநீர்க் கடைக்காரரிடம் அவன் தந்தையின் பெயரைச் சொன்னோம்.

"தேப்பன் அலையோட போட்டார். தாய் இருக்கிறா, ஐயா. உதில, குடியேற்ற வீட்டில," என்றார்.

போகாமலே புறப்பட்டிருக்கலாம். கால்கள் போயின.

முற்றத்திற் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மையார், யாரென்று அறிந்ததும் பாயை விரித்தார். நாம் சொல்ல வந்ததை எவ்வாறோ சொல்லி முடித்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

"நீங்கள் விட்டபடியால்தானே, சேர், மூண்டு நாள் என்னோட இருந்தவன். இல்லாட்டி அந்த மூண்டு நாளும் எனக்கில்லை," என்றார்.

மறுமொழி எமக்கு வாய்க்கவில்லை. அவர் சொன்னது எம்மைத் தேற்றவோ, தம்மைத் தேற்றவோ? இன்றளவும் தெளியவில்லை.

புறப்படுகையில் கருவாட்டுப் பொதியொன்று தந்தார். கோவிலுக்காக நோற்ற விரதம் இன்னும் முடிந்திலது; எனினும் இருகையாலும் வாங்கிக்கொண்டோம். வட்டுவாகற் பாலத்தைக் கடக்கையில் வண்டியெங்கும் அதன் மணம். "கண்ணாடியை இறக்குங்கோ, அப்பா," என்றாள் இளையவள். இல்லாள் எம் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறு, பிள்ளை," என்றார்.