உள்விளிம்பு

தேய்வது சக்கரத்தின் இயல்பு. ஆயினும் நேராகத் தேய்வது வேறு, கோணித் தேய்வது வேறு என்பதை நமக்குக் கற்பித்தது நம் பழைய மோட்டார் காரே. அந்தப் பாடத்திற்கு நாம் கொடுத்த விலை இரண்டு டயர்கள் மட்டுமன்று. ஒரு நல்ல மனிதரை நான்கு பேர் நடுவில் தலைகுனியச் செய்த குற்றமும் அதில் அடங்கும். ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்கும் வேளையில் முன்சக்கரங்கள் இரண்டிற்கும் புது டயர் போட்டோம். கடைக்காரர் நம் பங்கைச் சேர்ந்தவர். வாரத்தில் இரு நாள் நம் துணைவியாரைச் சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், விலையைப் பாராமல் நல்ல டயராகவே வாங்கினோம். ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை இடது முன்சக்கரத்தில் காற்று இறங்கிக் கிடந்தது. பஞ்சர் ஒட்ட வந்த இளைஞர் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டியபோது திடுக்கிட்டோம். தெருவில் நிற்போர் கண்ணுக்குத் தெரியும் வெளிவிளிம்பில் புதுமெருகு குறையவில்லை. வண்டியின் அடிப்பக்கம் பார்த்த உள்விளிம்போ வழுக்கையாகி, கம்பி இழைகள் வெளியே தலைநீட்டியிருந்தன. வலது சக்கரமும் ஏறக்குறைய அதே நிலையில் இருந்தது. ஓடியிருந்ததோ ஐயாயிரம் கிலோமீட்டர்தான்.

சினத்தோடு கடைக்குச் சென்றோம். வாடிக்கையாளர் பலர் நிற்கையில், போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாகக் கடிந்து பேசினோம். அவர் எதிர்ச்சொல் சொல்லவில்லை. டயரை உருட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எங்கேயாவது கல்லிலோ பள்ளத்திலோ இடித்ததுண்டா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை" என்றோம்.

அது பொய். மறதியும் அன்று. மார்ச் மாதத்தில் மணப்பாட்டில் ஓர் அடக்கத்திற்குச் சென்று இரவில் தனியே திரும்புகையில், முள்ளக்காட்டிற்கு அருகே எதிரே வந்த உப்பு லாரியின் வெளிச்சத்தில் கண் கூசியது. இடது முன்சக்கரம் சாலையோரக் கல்லில் மோதி ஏறி இறங்கியது. இறங்கிப் பார்த்தோம். கீறல் ஏதுமில்லை. இந்த வயதில் இரவில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று துணைவியார் பலமுறை சொல்லியிருந்தார். ஆகவே வீட்டில் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

"அலைன்மென்ட் பார்த்துவிட்டு வாருங்கள். டயரில்தான் குறை என்றால் நானே மாற்றித் தருகிறேன்" என்றார் கடைக்காரர்.

சக்கரங்களின் நேர்மை பார்க்கும் பட்டறையில், நான்கு சக்கரங்களிலும் தகடுகளைப் பொருத்தி, கேமராவின் உதவியால் கோணங்களை அளந்தார்கள். முன்சக்கரங்கள் இரண்டும் முன்புறத்தில் ஒன்றையொன்று விட்டு விலகி, ஒவ்வொன்றும் அரைப் பாகை வெளிநோக்கி நின்றன. அரைப் பாகை என்பது வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் கணக்கு வேறு கதை சொல்லும். அரைப் பாகை கோணிய சக்கரம், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஏறத்தாழ 9 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தரையோடு உரசுகிறது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாளையங்கோட்டையை அடைவதற்குள் 400 மீட்டருக்கும் மேலாக டயரை அரம்போல் சாலையில் தேய்த்துக்கொண்டே சென்றிருக்கிறோம்.

பட்டறை முதியவர் பொறுமையாக விளக்கினார். காற்று மிகுந்தால் டயரின் நடுப்பகுதி தேயும். காற்று குறைந்தால் இரு ஓரங்களும் தேயும். சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்து நின்றால் ஒரு விளிம்பு மட்டும் தேயும். நம்முடையதைப்போல் முன்புறம் விலகி நின்றால் உள்விளிம்பு தேய்வதோடு, கையால் தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் இறகின் ஓரம்போல் சொரசொரப்பாகவும் இருக்கும். வரிப்பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்தக் கார் டயர் சாலைக்கு ஆகாது என்பது சட்டம். நம்முடைய உள்விளிம்பில் பள்ளமே இல்லை.

"டை ராடு வளைந்திருக்கிறது. இது தானாக வளையாது. பலமாக இடித்திருக்க வேண்டும்" என்றார். உப்புக்காற்றில் துருவேறிய திருகாணி அசைய மறுத்ததால், வளைந்த தண்டோடு அதையும் மாற்ற நேர்ந்தது. நாம் ஐயம் ஒன்று கேட்டோம்: இடித்தது இடது சக்கரம், வலது ஏன் தேய வேண்டும்? அவர் சிரித்தார். "நேரே போவதற்காக நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிக்கிறீர்கள். அப்போது ஒன்றன் கோணலை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும்."

பின்னிருக்கையில் இருந்த துணைவியாரை நம்மால் ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை. நாம் மறைத்த அடியின்மேல் அமர்ந்து, கம்பி தெரியும் டயரை நம்பி, அவர் செபமாலை சொல்லிக்கொண்டே வாரம் இருமுறை பயணம் செய்திருக்கிறார்.

அறிகுறி இல்லாமலும் இல்லை. அந்த இரவுக்குப் பின் நேர்ச்சாலையிலும் ஸ்டியரிங் சற்றே வலப்புறம் சாய்ந்து நின்றது. முதல் வாரம் உறுத்தியது. பின்னர் கோணலுக்குக் கை பழகிவிட்டது. மனச்சான்றின் கதையும் இதுதானோ என எண்ணினோம். தோணி கட்டும் நம் ஊர் ஓடாவிகள் ஏராக்கட்டையை நூல் பிடித்துப் பார்ப்பார்கள். வேலையில் தேர்ந்தவரும் தம் கண்ணை மட்டும் நம்புவதில்லை. நாமோ, ஆன்ம சோதனையில்கூட வெளிவிளிம்பைப் பார்த்தே நிறைவடைகிறோம். ஞாயிறு தவறாத திருப்பலியும் அன்பியக் கூட்டமும் வெளியிலிருந்து நன்றாகவே தெரிகின்றன. குனிந்து உள்ளே பார்ப்பதற்கு யாராவது சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

அன்றிரவே துணைவியாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கடைக்காரத் தம்பியிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

ஜூலை 26, பனிமய அன்னையின் திருவிழாக் கொடியேற்றம். ஒப்புரவு அருட்சாதனத்திற்காக வரிசையில் நிற்கப் புறப்பட்டோம். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனைத் தேடிப் போகச் சொன்ன ஆண்டவரின் கட்டளை வழியை மறித்தது. வண்டியைக் கடைப்பக்கம் திருப்பினோம். அன்றும் அங்கே நான்கைந்து பேர் நின்றார்கள். அவர்கள் விலகும்வரை காத்திருக்கலாம் என்று மனம் தந்திரம் செய்தது. குற்றம் சாட்டியது பலர் முன்னிலையில் ஆதலால், மன்னிப்பும் பலர் முன்னிலையிலேயே கேட்பது முறை என்று தெளிந்தோம். "தம்பி, டயரில் குறையில்லை. கல்லில் இடித்தவன் நான். உம்மிடம் பொய் சொன்னேன்" என்றோம்.

அவர் கையிலிருந்த பிசினைத் துணியில் துடைத்துக்கொண்டார். "டயரைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும், அண்ணாச்சி. நீங்களே சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன்" என்றவர், சற்றுக் கழித்துச் சேர்த்துக்கொண்டார்: "இனிமேல் இடித்தால் மறுநாளே வாருங்கள். அன்றே வந்திருந்தால் சின்னச் செலவோடு போயிருக்கும். இரண்டு டயரும் பிழைத்திருக்கும்."

பேராலயத்தை அடைந்தபோது வரிசை நீண்டிருந்தது. நம் முறை வரும்வரை அவருடைய சொற்களையே நெஞ்சில் உருட்டிக்கொண்டு நின்றோம்.