பின்னால் வருபவனுக்காக ஒரு விளக்கு

மோட்டார் வண்டியின் முன்விளக்கு ஓட்டுபவனுக்கு வழி காட்டுகிறது. உள்விளக்கு உள்ளே இருப்பவர்களுக்கு உதவுகிறது. பின்புறத்தில் சிவப்பாய் எரியும் பிரேக் விளக்கோ வண்டிக்குரியவனுக்கு ஒரு பயனும் தருவதில்லை. ஆசனத்தில் அமர்ந்தபடி அதை அவன் காணவும் முடியாது. முன்பின் அறியாத ஒருவனுக்காகவே அது எரிகிறது. “நான் நிற்கப் போகிறேன், நீயும் நிதானித்துக்கொள்” என்று பின்னால் வருபவனிடம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. அந்தச் சொல் தெளிவாகவும் காலத்தோடும் அவனைச் சென்றடைய வேண்டும். அவ்விளக்குக்கு வேறு வேலையே இல்லை.

இப்பொழுது நம் இளைஞரிடையே, காரின் பின்விளக்கிலுள்ள பழைய இழை பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பைச் செருகிக்கொள்ளும் வழக்கம் பரவி வருகிறது. அலோர் காஜாவிலும் ஜாசினிலும் மலாக்கா நகரிலும் இத்தகைய கார்களை நாள்தோறும் பார்க்கலாம். நான் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன். ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். ஆகவே பல்பு வந்த அட்டைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை வாசித்துச் சொல்லும்படி சிலர் என்னிடம் கொண்டு வருவதுண்டு. பிரகாசம், நீண்ட ஆயுள் முதலியன பெரிய எழுத்தில் இருக்கும். பொதுச் சாலையில் உபயோகிப்பதற்கல்ல என்னும் வாசகம், இருக்குமானால், அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். அதையும் வாசித்துக் காட்டினால், “சட்டம் கிடக்கட்டும் அண்ணே, எல்லாரும் போடுகிறார்களே!” என்பதுதான் விடை. எல்லாரும் செய்கிறார்கள் என்பதையே காரணமாகக் காட்டி எத்தனை மூடவழக்கங்கள் நம்மிடையே நிலைபெற்றன என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

எல்.இ.டி.யை நான் பழிக்க வரவில்லை. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் என்பார் கண்ணுக்குப் புலப்படும் சிவப்பொளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். நீல ஒளி தருவதைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த விஞ்ஞானிகள் மூவருக்கு 2014ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. பிரேக் விளக்கைப் பொறுத்தவரை இதற்கு மெய்யாகவே ஒரு சிறப்பு உண்டு. இழை பல்பு சூடேறி முழு ஒளி பெற ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். எல்.இ.டி.யோ மின்சாரம் பாய்ந்த கணத்திலேயே எரிந்துவிடும். ஐந்தில் ஒரு விநாடி ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. ஐந்தில் ஒரு விநாடியில் 5 மீட்டர். அது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். அந்த 5 மீட்டரில் ஓர் உயிர் தப்பலாம். அதனால்தான் புதிய கார்களில் தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. பின்விளக்கு வைத்துக் கட்டுகிறார்கள்.

அப்படியானால் பழைய காரில் பல்பை மட்டும் மாற்றினால் என்ன கெட்டுவிடும்? இங்கேதான் சற்று ஆராய்ந்து பார்க்கவேண்டும். விளக்கு என்பது பல்பு மட்டுமல்ல. பல்பு, அதன் பின்னாலிருக்கும் பிரதிபலிப்புக் கிண்ணம், முன்னாலிருக்கும் சிவப்புக் கண்ணாடி ஆகிய மூன்றும் சேர்ந்தே விளக்காகிறது. 21 வாட் பிரேக் பல்பில் இழையானது அடிப்பகுதியின் குறித்த இடத்திலிருந்து 31.8 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கவேண்டுமென்று சர்வதேச விதி அளந்து வைத்திருக்கிறது. அந்த இடத்திலிருந்து நாற்புறமும் சிதறும் ஒளியைச் சேர்த்து அனுப்பும்படியே கிண்ணம் வளைக்கப்பட்டிருக்கிறது. எல்.இ.டி. பல்பிலோ ஒளி தரும் சில்லுகள் வெவ்வேறிடங்களில் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகவே ஒளி வீசும். இதனால் நேர் பின்னே நிற்பவனுக்குக் கண் கூசும். பக்கத்துத் தடத்தில் வருபவனுக்கு மங்கலாய்த் தெரியும். வண்டிக்குரியவன் வீட்டு வாசலில் நேர் பின்னே நின்று பார்த்துவிட்டு, “என்ன பிரகாசம்!” என்று மகிழ்ந்து போகிறான்.

நிறத்திலும் ஒரு சங்கதி உண்டு. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல ஒளிச் சில்லின்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசியது. அதில் சிவப்பு குறைவு. சிவப்புக் கண்ணாடியோ சிவப்பை மட்டுமே வெளியே விடும். ஆகவே வெள்ளை பல்பு போட்டால் ஒளியின் பெரும்பகுதி கண்ணாடிக்குள்ளேயே மாண்டு போகும்.

இவையெல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. பல கார்களில் ஒரே பல்புதான் இரவில் எரியும் பின்விளக்காகவும் பிரேக் விளக்காகவும் வேலை செய்கிறது. ஓர் இழை 5 வாட், மற்றோர் இழை 21 வாட். இவ்வாறு சேர்ந்திருக்கும் விளக்கில் பிரேக் ஒளி பின்விளக்கின் ஒளியைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு இருக்கவேண்டுமென்பது சர்வதேச விதி. அந்த வித்தியாசந்தான் அவ்விளக்கின் பாஷை. மலிவான எல்.இ.டி. பல்புகள் சிலவற்றில் பின்விளக்கே அளவுக்கு மீறி எரிவதால், பிரேக் மிதிக்கும்போது உண்டாகும் மாற்றம் கண்ணுக்குப் படுவதில்லை. எந்நேரமும் கூச்சலிடுகிறவன் ஆபத்தில் கூச்சலிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இது ஏட்டுச் சுரைக்காயன்று. எங்கள் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிளில் வேலைக்காட்டுக்கு வந்து போகும் தொழிலாளி ஒருவர், மழை பெய்த ஒரு மாலையில், முன்னே சென்ற காரின் பின்புறத்தில் மோதிக் கால் முறிந்தார். வேலைக்கு வந்துபோகும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ உதவி உண்டாதலின், அதற்கான படிவத்தை நிரப்புவது என் வேலையாயிற்று. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதினேன். பிறகு அவர் சொன்னார்: “விளக்கு முதலிலிருந்தே பளீரென்று எரிந்துகொண்டுதான் இருந்தது, கிராணி. நிற்கப் போகிறதென்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.” மழையும் ஒரு காரணம், அவருடைய வேகமும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆயினும் அந்தக் காரின் பின்விளக்கில் பல்பு மாற்றப்பட்டிருந்தது என்பதை விபத்து நடந்த இடத்தில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இந்நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. கார் வாங்கிவிட்ட தமிழனுக்குப் பின்னால், இன்னும் கார் வாங்காத தமிழன் மோட்டார் சைக்கிளில் வருகிறான் என்பதை நாம் மறக்கலாகாது.

நிற்க. சட்டம் என்ன சொல்லுகிறது? 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், மோட்டார் வண்டிகளின் அமைப்பையும் உபயோகத்தையும் பற்றிய 1959ஆம் ஆண்டின் விதிகளும் நமக்கு ஆதாரம். வண்டி எந்த அமைப்பில் அங்கீகரிக்கப்பட்டதோ அந்த அமைப்பிலேயே ஓடவேண்டும். மனம்போனபடி மாற்றுவதற்கில்லை என்பது இவற்றின் பொதுநோக்கம். வாகன விதிகளைப் பற்றிய 1958ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தில் மலேசியா 2006ஆம் ஆண்டில் சேர்ந்தது. அவ்வொப்பந்தத்தின்கீழ் பின்விளக்கு, பல்பு, அவை வண்டியில் அமையவேண்டிய முறை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி உண்டு. இழை பல்புக்கென அங்கீகாரம் பெற்ற விளக்கில் வேறு பல்பைச் செருகினால் அந்த அங்கீகாரம் பொருளற்றுப் போகிறது. எல்.இ.டி.க்கெனவே வகுத்து அங்கீகாரம் பெற்ற முழு விளக்குக்கு இத்தடை இல்லை. ஆகவே சட்டத்தின் பகை எல்.இ.டி.யோடு அன்று, பொருந்தாத சேர்க்கையோடுதான்.

அங்கீகாரம் பெற்ற விளக்கின்மேல் வட்டத்துக்குள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண் எந்த நாடு அங்கீகரித்தது என்பதைக் காட்டும். 1 ஜெர்மனி, 43 ஜப்பான், 52 மலேசியா. ஆனால் சில கடைக்காரர் எல்.இ.டி. பல்பிலும் அம்முத்திரையைக் காட்டி, “பார், சட்டப்படி சரியான பல்பு” என்று விற்பதுண்டு. அதன் பக்கத்தில் 10ஆம் விதியின் எண் இருக்குமானால், அந்தப் பல்பு வானொலி முதலிய கருவிகளுக்கு மின்தொல்லை தராது என்பதற்கு மட்டுமே அது சான்று. அதன் ஒளிக்குச் சான்றாகாது. எழுத்தறிவு மட்டும் போதாது. எழுதியிருப்பது எதைப் பற்றியது என்று கேட்கும் அறிவும் வேண்டும்.

பிரேக் மிதிக்குந்தோறும் மின்னி மின்னி எரியும் விளக்கையும் சிலர் விரும்புகிறார்கள். சர்வதேச விதி அதற்கு இடந்தருவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்: மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும்போது மிகக் கடுமையாகப் பிரேக் பிடிக்க நேர்ந்தால், தானாகவே இயங்கும்படி தொழிற்சாலையில் அமைத்த விளக்கு மின்னலாம். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குச் செல்லும் கார் வரிசையில், அடிக்கு ஒரு முறை நின்று போகையில், பின்னிருப்பவன் முகத்தில் மின்னிக்கொண்டிருப்பதற்கு எந்த விதியும் இடந்தராது.

புதுமை நல்லதா என்பதை ஆசையைக்கொண்டு முடிவு செய்யாமல் சோதித்து முடிவு செய்வது எப்படி என்பதற்குப் பிரேக் விளக்கின் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1974ஆம் ஆண்டில் ஜான் வோய்வோட்ஸ்கி என்னும் மனோதத்துவ அறிஞர் சான் பிரான்சிஸ்கோ நகரத்து டாக்ஸிகள் சிலவற்றின் பின்னால் கூடுதலாக ஒரு விளக்கைப் பொருத்தி, பொருத்தாத டாக்ஸிகளோடு ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார். பொருத்தியவற்றில் பின்மோதல் 60 சதவிகிதம் குறைந்தது. மேலும் சோதனைகள் நடந்த பிறகே, 1986ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களுக்கு மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமாயிற்று. எல்லாக் கார்களிலும் அது வந்த பின்னர் அந்நாட்டு அரசாங்கம் மறுபடியும் கணக்குப் பார்த்து, நிலையான நன்மை 4 சதவிகிதத்துக்குச் சற்று மேல் என்று 1998இல் ஒளிவுமறைவின்றி வெளியிட்டது. ஆசைப்பட்டதைவிடக் குறைவுதான், ஆயினும் மெய்யான நன்மை.

நம் நாட்டில் வாடகைக் கார், பஸ், லோரி முதலியவை குறித்த காலத்தில் பரிசோதனைக்குச் சென்றாக வேண்டும். சொந்தக் காரோ, பெரும்பாலும், கைமாறும் பொழுதுதான் பரிசோதனை நிலையத்தின் வாசலை மிதிக்கிறது. இடையிலுள்ள ஆண்டுகளில் அதற்குப் பரிசோதகர் யார்? உரியவனுடைய மனச்சாட்சிதான். போலீஸ் பிடிக்கவில்லை என்பதால் ஒரு செயல் நியாயமாகிவிடாது. பிடிபட்டால் சம்மன் வரும் என்பதற்காக மட்டும் நியாயமாய் நடப்பதும் மனிதனுக்கு அழகன்று.

ஆகவே தோழர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. பழைய பல்பு அணைந்துபோனால் அதே வகைப் பல்பை வாங்கிப் போடுங்கள். சில வெள்ளியோடு முடிகிற காரியம். எல்.இ.டி.தான் வேண்டுமெனில், உங்கள் காருக்கென்றே அங்கீகாரம் பெற்ற முழு விளக்கை வாங்குங்கள், வாங்குமுன் ஜே.பி.ஜே. இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலுள்ள ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, நேர் பின்னே மட்டுமல்லாமல் இரு பக்கமும் சாய்ந்து நின்று, இருட்டிலும் ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துக் காட்டுங்கள். நம் வண்டியில் நாம் காண முடியாத ஒரு விளக்கைப் பிறனுக்காகப் பேணுவது எதற்கென்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு விடை சொல்லும்போது, சமுதாயம் என்பது என்னவென்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிடலாம்.