‘பாடுவது கஷ்டமில்லை, ரத்து செய்வதுதான் கஷ்டம்!’ - செலின் டியோனின் பாதியில் நின்ற பயணம்

2020 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மயாமி நகரில் பெரிய உள்ளரங்கம் ஒன்றில் செலின் டியோனின் இசை நிகழ்ச்சி. காலையிலிருந்தே ரசிகர்களின் செல்போன்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. செலினின் அம்மா தெரேஸ் இறந்துவிட்டார். வயது 92.

இன்று நிகழ்ச்சி நடக்குமா, நடக்காதா? டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்தக் குழப்பம் இருந்திருக்கும். செலினுக்கு இல்லை. மேடைக்கு வந்தார். அன்றைய கச்சேரியை அம்மாவுக்குச் சமர்ப்பித்தார். பாடினார்.

அந்த அம்மா சாதாரண அம்மா இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சார்லமேன் என்ற சிற்றூரில் 14 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அதில் கடைக்குட்டிதான் செலின். மகளுக்கு 12 வயதானபோது, அவள் பாடுவதற்காகவே ஒரு பாட்டு எழுதியவர் தெரேஸ். வீட்டில் பதிவு செய்த அந்த கேசட், ரெனே ஆஞ்சலில் என்ற இசை மேனேஜரின் கைக்குப் போனது. சிறுமியை நேரில் பாடச் சொல்லிக் கேட்ட ரெனே கண்கலங்கினார். அவளுடைய முதல் ஆல்பத்துக்குப் பணம் இல்லாமல் தன் வீட்டையே அடமானம் வைத்தார். பின்னாளில் செலினின் கணவரும் ஆனார்.

அந்த ரெனே 2016 ஜனவரி 14-ம் தேதி தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த இரண்டே நாளில் அண்ணன் டேனியலையும் புற்றுநோய் கொண்டுபோனது. நான்கு வருடம் கழித்து, அதே ஜனவரியில் அம்மா. செலினின் வீட்டுக்கு ஜனவரி இழப்புகளின் மாதமாகிவிட்டது.

அன்று மயாமியில் அவர் பாடியது ‘கரேஜ்’ உலகச் சுற்றுப்பயணத்தின் ஒரு பகுதி. கரேஜ் என்றால் தைரியம். ரெனே இல்லாமல் செலின் கிளம்பிய முதல் உலகப் பயணம் அது. 2019 செப்டம்பர் 18-ம் தேதி, சொந்த மாகாணத்தின் தலைநகரான கியூபெக் நகரில் தொடங்கியது. நவம்பரில் அதே பெயரில் வந்த ஆல்பம், அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 17 வருடங்களுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதலிடம். ‘டைட்டானிக்’ படப் பாட்டோடு இவர் கதை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு அது பதிலாக அமைந்தது.

ஆனால் தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒரு தடங்கல். மான்ட்ரியாலில் நடக்க வேண்டிய நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின. தொண்டையில் வைரஸ் தொற்று என்று அறிவிப்பு வந்தது. பாடகர்களுக்கு இது சகஜம்தானே என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

தொண்டைக்காகக் காத்திருப்பது செலினுக்கும் புதிதில்லை. 1989-ல் ஒரு சுற்றுப்பயணத்தின் நடுவே குரல் பாதிக்கப்பட்டது. உடனே அறுவை சிகிச்சை, இல்லையென்றால் மூன்று வாரம் குரலைப் பயன்படுத்தவே கூடாது என்றார் டாக்டர். செலின் மூன்று வார மௌனத்தைத் தேர்ந்தெடுத்தார். குரல் திரும்பி வந்தது. தவம் போல ஒழுங்காக இருந்தால் உடம்பு சொன்னபடி கேட்கும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்திருக்க வேண்டும்.

2020 மார்ச் தொடக்கத்தில், நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் நியூவார்க் நகரோடு பயணம் நின்றது. அதுவரை 52 நிகழ்ச்சிகள் முடிந்திருந்தன. காரணம், உலகத்துக்கே தெரிந்த கொரோனா. எல்லா அரங்குகளும் பூட்டப்பட்டன. எல்லாப் பாடகர்களும் வீட்டில் இருந்தார்கள். எனவே, செலினும் வீட்டில் இருந்ததில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

ஊரடங்குகள் முடிந்தன. மற்றவர்கள் ஒவ்வொருவராக மேடைக்குத் திரும்பினார்கள். செலின் மட்டும் திரும்பவில்லை.

2021 அக்டோபரில், லாஸ் வேகாஸில் தொடங்கவிருந்த புது நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. கடுமையான தசைப்பிடிப்பு என்றார்கள். 2022 ஜனவரியில், வட அமெரிக்காவில் பாக்கியிருந்த நிகழ்ச்சிகள் ரத்து. ஏப்ரலில், ஐரோப்பிய நிகழ்ச்சிகள் அடுத்த வருடத்துக்கு மாற்றம். கொரோனாவுக்கு முன்பே டிக்கெட் வாங்கிய ஐரோப்பிய ரசிகர்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மாற்றி மாற்றிக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

2022 டிசம்பர் 8. இன்ஸ்டாகிராமில் செலின் ஒரு வீடியோ வெளியிட்டார். ஆங்கிலத்தில் ஒன்று, தாய்மொழியான பிரெஞ்சில் ஒன்று. அதிக மேக்கப் இல்லாத முகம். கண்களில் நீர். தனக்கு ‘ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம்’ என்ற நரம்பு நோய் இருப்பதாகச் சொன்னார். சுமார் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய் அது.

நம் தசைகளுக்கு மூளையிலிருந்து ‘இறுகு’ என்றும் கட்டளை வரும், ‘தளர்’ என்றும் கட்டளை வரும். இரண்டும் சரியாக இருந்தால்தான் நடக்கலாம், சிரிக்கலாம், பாடலாம். இந்த நோயில், உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே வழிதவறி, ‘தளர்’ என்று சொல்லும் ஏற்பாட்டைத் தாக்குகிறது. அதனால் இறுகிய தசை தளராமல் அப்படியே நிற்கும். 1956-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் இரண்டு பேர் இதை முதன்முதலில் விவரித்தார்கள். இன்றுவரை முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லை. கட்டுப்படுத்தத்தான் முடியும். இறுக்கத்தின் வேகத்தில் தன் விலா எலும்பே முறிந்திருக்கிறது என்று பின்னர் ஒரு பேட்டியில் செலின் சொன்னார். யாரோ குரல்வளையை நெரிப்பது போல இருக்கும் என்றும் சொன்னார்.

திடீர் சத்தம், எதிர்பாராத தொடுதல், உணர்ச்சி வேகம். இந்த நோயில் தசைப்பிடிப்பைத் தூண்டிவிடுபவை இவைதான். ஓர் அரங்கக் கச்சேரியில் இவை எல்லாமே இருக்கின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கத்துவார்கள். வெளிச்சம் மாறி மாறி அடிக்கும். முன்வரிசையிலிருந்து கைகள் நீளும். எந்த இடத்தில் அவர் வாழ்ந்தாரோ, அந்த இடமே அவருக்கு ஆபத்தாகிவிட்டது.

2024 ஜூனில் அமேசான் பிரைமில் வந்த ‘ஐ ஆம்: செலின் டியோன்’ ஆவணப்படம் இன்னொரு உண்மையையும் வெளியே கொண்டுவந்தது. குரலில் பிடிப்பு முதலில் தெரிந்தது 2022-ல் இல்லை. 2008-ல், வேறொரு உலகச் சுற்றுப்பயணத்தில், ஜெர்மனியில் இருந்தபோதே தெரிந்துவிட்டது. அதாவது, ‘கரேஜ்’ பயணம் தொடங்குவதற்குப் பத்து வருடத்துக்கும் முன்பே.

அத்தனை வருடமும் அவர் மறைத்தார்.

உயர்ந்த ஸ்வரம் வராது என்று தெரிந்தால், மைக்கை ரசிகர்கள் பக்கம் நீட்டிவிடுவார். அவர்கள் சந்தோஷமாகப் பாடுவார்கள். சில நேரம் மைக்கில் கோளாறு போல விரலால் தட்டிக் காட்டுவார். நிகழ்ச்சி ரத்தானால் சைனஸ், காதில் தொற்று என்று ஏதாவது ஒரு காரணம். உண்மையைச் சொல்லாமல் ரசிகர்களை ஏமாற்றிய பாரம்தான் நோயைவிடப் பெரிதாக இருந்தது என்று அந்தப் படத்தில் உடைந்து அழுகிறார்.

ஏன் மறைத்தார்? கணவர் மரணத்தோடு போராடிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மூன்று பேரும் சின்னவர்கள். அந்த நேரத்தில் தான் உறுதியாக நிற்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்கிறார் செலின். இதைப் புரிந்துகொள்ள யாரும் உலகப் பாடகியாக இருக்க வேண்டியதில்லை. வலியை வெளியே காட்டாமல் அடுத்த வேலைக்கு நகரும் அம்மா எந்த ஊரிலும் இருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருக்கும்போது, இன்னொருவர் ‘எனக்கும் முடியலை’ என்று சொல்வது அத்தனை எளிதில்லை.

அதே படத்தில், பழைய உடைகளும் காலணிகளும் அடுக்கிவைத்திருக்கும் பெரிய கிடங்குக்கு நம்மை அழைத்துப்போகிறார். ஒரு காலணி பிடித்துவிட்டால், அளவு சரியாக இல்லாவிட்டாலும் வாங்கிக் காலை அதற்குள் நுழைத்துவிடுவேன் என்று சிரிக்கிறார். உடம்பையும் அப்படித்தான் வைத்திருந்தார் போலும். தேதி குறித்தாகிவிட்டது, உடம்பு அதற்குள் நுழைந்தே ஆக வேண்டும்.

தேதிக்கு அத்தனை பலம் உண்டு. அரங்கங்களை மாதக்கணக்கில் முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள். மேடை, ஒலி, ஒளிக் கருவிகள் லாரிகளில் ஊர் ஊராகப் போகும். இசைக்கலைஞர்கள், தொழில்நுட்பக் குழு, உடை பார்ப்பவர்கள், ஓட்டுநர்கள் எனப் பலரின் வருமானம் அந்த ஒரு தொண்டையை நம்பி இருக்கும். எங்கிருந்தோ விமானம் ஏறி வரும் ரசிகர், ஹோட்டல் வரை முன்பதிவு செய்திருப்பார். ஒருவருக்கு முடியாமல் போனால், இவ்வளவும் நிற்கும். கச்சேரி செய்வது கஷ்டமில்லை, ரத்து செய்வதுதான் கஷ்டம் என்று செலின் படத்தில் சொல்வது இந்தப் பாரம் தெரிந்துதான்.

2023 மே 26-ம் தேதி அந்தக் கஷ்டமான வேலையைச் செய்தார். பாக்கியிருந்த ஐரோப்பிய நிகழ்ச்சிகள் அனைத்தையும் ரத்து செய்தார். மறுபடியும் தள்ளிவைத்துக்கொண்டே போவது உங்களுக்கு நியாயமில்லை, உண்மையிலேயே தயாராகும்வரை எல்லாவற்றையும் ரத்து செய்வதுதான் சரி என்று ரசிகர்களிடம் சொன்னார். டிக்கெட் பணம் திருப்பித் தரப்பட்டது. தள்ளிவைப்பு என்ற சொல்லில் கொஞ்சம் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்து என்ற சொல்லில் அது இல்லை. அதைச் சொல்ல அவருக்கு மூன்று வருடத்துக்கும் மேல் ஆனது.

தன்னை ஓர் ஆப்பிள் மரத்தோடு ஒப்பிட்டு அவர் படத்தில் பேசும் ஓர் இடம் உண்டு. மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். நல்ல பழங்களைப் பறித்துத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இப்போது கிளைகளில் பழம் குறைந்துவிட்டது. வரிசை மட்டும் அப்படியே நிற்கிறது. கொடுக்கப் பழம் இல்லாதபோது, அவர்களை நிற்கவைக்க எனக்கு மனமில்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

படத்தில் பார்க்கவே கடினமான காட்சி அதற்குப் பிறகு வருகிறது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு பாட்டைப் பதிவு செய்கிறார். நன்றாக வந்துவிட்டது. முகமெல்லாம் சந்தோஷம். அது முடிந்து உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகும்போது பாதத்தில் பிடிப்பு தொடங்குகிறது. சில நிமிடங்களில் உடம்பு முழுவதும் இறுகி, பேச முடியாமல், கண்ணீர் மட்டும் வழிகிறது. மூளை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதுதான் காரணம் என்று விளக்குகிறார் சிகிச்சையாளர். பாடிய சந்தோஷமே உடம்பைப் பூட்டிவிட்டது. பிடித்ததைச் செய்தால் இப்படி ஆகுமென்றால் மேடைக்கு எப்படிப் போவது என்ற கேள்வி அந்த அறையில் அப்படியே நிற்கிறது.

அந்தக் காட்சியை வெட்டச் சொல்லியிருக்கலாம். இயக்குநர் ஐரீன் டெய்லரிடம் அவர் வெட்ட வேண்டாம் என்றே சொன்னார். மைக்கைத் தட்டி உண்மையை மறைத்தவர், கேமராவுக்கு முன் எதையும் மறைக்கவில்லை. பயணத்துக்கு வைத்த பெயருக்கு அர்த்தம், அந்தப் பயணம் நின்ற பிறகுதான் வந்தது.

படம் வெளிவந்து ஒரு மாதம். 2024 ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. மாலையிலிருந்தே மழை. விழாவின் கடைசியில், ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்தில் வெள்ளை உடையில் செலின் நின்றார். பக்கத்தில் இருந்த பியானோவின் மேல் மழைத்துளிகள். எடித் பியாஃபின் ‘இம்ன் ஆ லாமூர்’ பாட்டைப் பாடினார். பியாஃப் அதைத் தன் காதலரான குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தானுக்காக எழுதினார். 1949-ல் விமான விபத்தில் செர்தான் இறந்தார். காதலரை இழந்தவரின் பாட்டை, கணவரை இழந்தவர் பாடினார்.

ஒரே ஒரு பாட்டு. இரண்டு மணி நேரக் கச்சேரி இல்லை, ஊர் ஊராகப் போகும் லாரிகள் இல்லை. நான்கு வருடங்களுக்குப் பிறகு மக்கள் முன் அவர் பாடிய முதல் பாட்டு அது. கடைசி வரியில் குரல் உயர வேண்டிய இடம் வந்தது. மைக் அவர் பக்கமே இருந்தது.