சாஃப்ட்வேருக்கு ஒரு வக்கீல் வேணும்!

ஆரணியில வக்கீலுக்குப் பஞ்சம் கிடையாது. காலைல பத்து மணிக்கு கோர்ட்டு வாசல்ல போய் நின்னா கறுப்புக் கோட்டு வரிசையா வரும். வரப்புத் தகராறா, பாகப் பிரிவினையா, செக் பவுன்ஸா, பைக்ல அடிபட்டதுக்கு இன்சூரன்ஸா.. எதுக்கு யாரைப் பார்க்கணும்னு டீக்கடையில கேட்டாலே சொல்லிடுவாங்க. ஆனா "சாஃப்ட்வேரை எழுதினவன் ஒருத்தன், காசு குடுத்தவன் ஒருத்தன், இப்ப அது யாருக்குச் சொந்தம்?"னு கேட்டுப் பாருங்க. டீ மாஸ்டர் மட்டும் இல்ல, கோட்டுப் போட்டவரும் கொஞ்சம் யோசிப்பார்.

அக்கா பையனுக்காக நாலு மாசம் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டு நானும் அவனும் அலைஞ்சோம். அதுல தெரிஞ்சுக்கிட்டதை எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. ஊர்ல இன்னும் நாலஞ்சு பசங்க இதே தொழில்ல இருக்காங்க, அவங்களுக்காவது ஆகும்.

முதல்ல தொழிலைச் சொல்லிடறேன். பட்டுச் சேலையில பார்டர்லயும் முந்தியிலயும் டிசைன் வரணும்னா தறி மேல ஜக்கார்டு பெட்டி இருக்கணும். டிசைனை கிராஃப் பேப்பர்ல கட்டம் கட்டமா போட்டு, அதைப் பார்த்து அட்டையில ஓட்டை குத்தி, அட்டைகளைக் கோர்த்து பெட்டியில மாட்டுவாங்க. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. பெரிய முந்தின்னா ஆயிரக்கணக்குல போகும். இப்ப அந்த வேலை கம்ப்யூட்டருக்கு வந்துடுச்சு. எலக்ட்ரானிக் ஜக்கார்டு வெச்சிருக்கவங்களுக்கு அட்டையே வேணாம், ஃபைல் போதும். நம்ம பையன் பண்றது இதுதான். மாடி ரூம்ல மூணு கம்ப்யூட்டர், கூட ரெண்டு பசங்க. தறி முதலாளிங்க கொண்டு வர்ற டிசைனை ஃபைலாக்கிக் குடுப்பான். அதோட, எந்த டிசைன் எந்தத் தறியில ஓடுது, எத்தனை சேலை இறங்குச்சு, எவ்வளவு ஜரிகை போச்சுன்னு கணக்கு வைக்க ஒரு சாஃப்ட்வேர். அதை மாச வாடகைக்கு விடறான். தொழிலுக்கு உயிரே இந்த வாடகைதான்.

அந்த சாஃப்ட்வேரை எழுதினது இவன்கூட காலேஜ்ல படிச்ச ஒரு பையன். சென்னையில வேலை பார்த்துக்கிட்டே ராத்திரியில உக்காந்து எழுதிக் குடுத்தான். ரெண்டு வருஷத்துல தவணை தவணையா மூணரை லட்சம் அவனுக்கு ஜிபேயில போயிருக்கு. பேச்சு பூரா வாட்ஸப்புல. காகிதம்னு ஒண்ணும் கிடையாது. திடீர்னு ஒரு நாள் பார்த்தா வேற ஊர் கடை ஒண்ணுல அதே சாஃப்ட்வேர் ஓடுது, கலரை மட்டும் மாத்தி!

இது போதாதுன்னு ஒரு முதலாளி "என் டிசைனை நீதான் வெளிய விட்டுட்டே"ன்னு சண்டைக்கு வந்தார். இன்னொருத்தர் 1,80,000 ரூபாய் பாக்கி வெச்சுட்டு போனே எடுக்கறதில்ல.

"மாமா, நல்ல வக்கீலா ஒருத்தர் சொல்லு"ன்னு வந்து நின்னான். எனக்குத் தெரிஞ்சது எங்க வீட்டுப் பாகப் பிரிவினையைப் பார்த்த பெரியவர்தான். அவர்கிட்டயே கூட்டிட்டுப் போனேன். முக்கால் மணி நேரம் குறுக்கே பேசாம கேட்டார். அப்புறம் சொன்னார் பாருங்க: "தம்பி, நீ ஒரு கேஸ் கொண்டு வரல, மூணு கொண்டு வந்திருக்கே. பாக்கிப் பணம் எனக்குப் புரியுது. மத்த ரெண்டும் எனக்குத் தெரியாது. தெரியாததை உன் காசுல கத்துக்க எனக்கு இஷ்டமில்ல."

அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு ஃபீஸ் குடுத்திருக்கலாம். (வாங்க மாட்டேன்னுட்டார்.)

பாக்கிப் பணத்துக்கும் அவர் சொன்ன வழி கோர்ட்டு இல்ல. "உத்யம் பதிவு வெச்சிருக்கியா?"ன்னு கேட்டார். வெச்சிருந்தான். குறு, சிறு தொழில்காரங்களுக்கு 2006ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு. சரக்கோ சேவையோ வாங்கினவர் ஒப்புக்கொண்ட நாளுக்குள்ள, அதுவும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ள, பணம் குடுத்தாகணும். தாண்டினா ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி! இதுக்குன்னே மாநிலத்துல வசதியாக்கக் கவுன்சில் இருக்கு, ஆன்லைன்ல மனு போடலாம். பில்லும் வேலையை வாங்கிக்கிட்டதுக்கான அத்தாட்சியும் பையன்கிட்ட இருந்துச்சு. அன்னைக்கு சாயந்திரமே மனு போட்டுட்டான்.

மிச்சம் ரெண்டு. நெட்ல தேடினோம். "டாப் 10 சைபர் வக்கீல்கள்", அஞ்சு ஸ்டார், நாலரை ஸ்டார்னு வரிசையா வந்து நிக்குது. இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். நம்ம நாட்டுல வக்கீல்கள் விளம்பரம் பண்ணவே கூடாது, பார் கவுன்சில் விதி. 2008ல கொஞ்சம் தளர்த்தி, பேரு, முகவரி, படிப்பு, எந்தத் துறைன்னு வெப்சைட்ல போட்டுக்கலாம்னாங்க, அவ்ளோதான். 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாதிரி தளங்கள்ல ஸ்டார் போட்டு வக்கீல்களை விக்கறதைக் கடுமையா கண்டிச்சு, நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவே போட்டுச்சு. ஆக, அந்த ஸ்டாரை நம்பிப் போறதுல அர்த்தமே இல்ல. டாக்டர்னா எம்.டி, டி.எம்னு பின்னாடி எழுத்து இருக்கும். வக்கீலுக்கு அப்படி "இவர் இதுல ஸ்பெஷலிஸ்ட்"னு யாரும் முத்திரை குத்தறதில்ல.

ஒரு தளத்துல நம்பரைக் குடுத்த அஞ்சாவது நிமிஷம் போன் வந்துச்சு. "சார், டிரேட்மார்க், காப்பிரைட், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 14,999 பேக்கேஜ்"னு ஒரு பொண்ணு மூச்சு விடாம சொல்லுது. பிரச்சனை என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. இவங்க ஃபாரம் நிரப்பறவங்க. அதுக்கும் ஒரு உபயோகம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா டிரேட்மார்க் மனுவுக்கு சிறு தொழில்காரங்க கட்ட வேண்டிய அரசுக் கட்டணம் ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசினா, மிச்சம் யார் பாக்கெட்டுக்குப் போகுதுன்னு புரியும்.

"சைபர் வக்கீல்"ங்கற பேரும் எங்களைக் கொஞ்ச நாள் சுத்த விட்டுச்சு. 2000த்துல வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் பெரும்பாலும் ஹேக்கிங், ஆன்லைன் மோசடி, டிஜிட்டல் கையெழுத்து பத்தினது. பேடன்ட்டா? அதுக்குன்னு பரீட்சை எழுதி பாஸ் பண்ணின ஏஜென்ட்டுகள் இருக்காங்க, பட்டியல் அரசு தளத்துலயே கிடைக்குது. ஆனா வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு இந்தியாவுல பேடன்ட் கிடையாதுன்னு பேடன்ட் சட்டமே சொல்லுது. நம்ம விஷயம் இருக்கறது 1957 காப்பிரைட் சட்டத்துல. 1984ல திருத்தம் கொண்டு வந்து கம்ப்யூட்டர் புரோகிராமை "இலக்கியப் படைப்பு" கணக்குல சேர்த்துட்டாங்க. ஜரிகைக் கணக்குப் போடற நம்ம சாஃப்ட்வேர் சட்டப்படி இலக்கியம்! நாமெல்லாம் வருஷக்கணக்கா எழுதறோம், யாரும் அப்படிச் சொன்னதில்ல :-)

எந்தச் சட்டம்னு தெரிஞ்சதும் தேடறது சுலபமாச்சு. நான் பண்ணினது இதுதான். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமா நெட்ல கிடைக்குது. ஒவ்வொரு தீர்ப்புலயும் வாதிக்கு யார் ஆஜர், பிரதிவாதிக்கு யார் ஆஜர்னு பேரு இருக்கும். சாஃப்ட்வேர் காப்பிரைட், டிசைன் வழக்குகளா ஒரு நாப்பது தீர்ப்பை இறக்கி, பேருகளை மட்டும் நோட்டுல எழுதினேன். ஜெயிச்சாரா தோத்தாரான்னு பார்க்கல, திரும்பத் திரும்ப வர்ற பேரு எதுன்னு மட்டும் பார்த்தேன். பத்துப் பன்னண்டு பேருக்குள்ள அடங்கிடுச்சு. சென்னையில இது கிடைக்கறதுக்குக் காரணம் இருக்கு. பேடன்ட் ஆபீஸ் கிளையும் புவிசார் குறியீட்டுப் பதிவகமும் கிண்டியில இருக்கு. உயர் நீதிமன்றத்துலயும் 2023லேர்ந்து அறிவுசார் சொத்து வழக்குக்குன்னே தனிப் பிரிவு நடக்குது. சீனியர் அட்வகேட்னு போட்டிருக்க பேரை மட்டும் விட்டுடணும். அவங்க கட்சிக்காரர்கிட்ட நேரடியா கேஸ் வாங்கக் கூடாது. கூட நிக்கற வக்கீல் பேரைத்தான் குறிச்சுக்கணும்.

மூணு பேர்கிட்ட நேரம் வாங்கிட்டுப் போனோம். முதல் ஆள் உக்காந்த உடனே "நோட்டீஸ் விட்டுடலாம், கூடவே கிரிமினல் கம்ப்ளெயிண்ட்"னார். அடுத்தவர் ஜூனியர்கிட்ட தள்ளிவிட்டுட்டு, போகும்போது "ஜெயிச்சா இவ்வளவு பர்சென்ட்"னு பேசினார். வழக்குல கிடைக்கறதுல பங்கு கேக்கறது வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்ட விஷயம். எழுந்து வந்துட்டோம்.

மூணாவது ஒரு அம்மா. அவங்க கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பையன் உங்ககிட்ட சம்பளத்துக்கு இருந்தாரா, இல்ல தனியா எழுதிக் குடுத்தாரா?"

"தனியாத்தான் மேடம்."

"எழுத்துல உரிமை மாத்திக் குடுத்திருக்காரா?"

"இல்ல மேடம்."

"அப்ப அது அவரோடது தம்பி."

பையன் முகத்தைப் பார்க்க முடியல. "மூணரை லட்சம் குடுத்திருக்கேன் மேடம்!"

"வீட்டுக்குப் பணம் குடுத்துட்டு பத்திரம் எழுதாம விட்டா வீடு யார் பேர்ல இருக்கும்?"

விளக்கமா சொன்னாங்க. சம்பளத்துக்கு வேலை பார்க்கறவர் வேலையில எழுதினா, வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் முதலாளிக்குச் சொந்தம். வெளிய இருந்து எழுதிக் குடுத்தா எழுதினவருக்குச் சொந்தம். அதை மாத்தணும்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எழுதும்போது எத்தனை வருஷம்னு போடலேன்னா அஞ்சு வருஷம்தான்னு சட்டம் எடுத்துக்கும். எந்த இடம்னு போடலேன்னா இந்தியா மட்டும். வாட்ஸப் பேச்சு, பணம் போன கணக்கெல்லாம் வாதத்துக்கு உதவும், பையன் அதைத் தொடர்ந்து உபயோகிக்கறதை அவன் சுலபமா தடுக்க முடியாது. "ஆனா அதை வெச்சு அவரை விக்காதேன்னு நிறுத்தறது கஷ்டம். அவசரத் தடை கேட்காம வணிக வழக்குப் போட்டாலும் முதல்ல மத்தியஸ்தத்துக்குத்தான் போகணும். நீங்களே முதல்ல போய்ப் பேசினா என்ன? இன்னும் பேசிக்கறீங்கதானே?"

பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க. போன தீபாவளிக்குக்கூட மெசேஜ் அனுப்பியிருக்கான்.

டிசைன் சண்டைக்கு அவங்க சொன்னது எனக்கே புதுசு. சேலை டிசைன் வரைஞ்சா அது ஓவியம், அதுக்கு காப்பிரைட் உண்டுன்னுதான் எல்லாரும் நினைக்கறோம். ஆனா டிசைன் சட்டத்துல பதிவு பண்ணக்கூடிய ஒரு டிசைனைப் பதிவு பண்ணாம, தொழில் முறையில அம்பது தடவைக்கு மேல உற்பத்தி பண்ணிட்டா காப்பிரைட் போயிடும். துணி டிசைன் பத்தியே தில்லி உயர் நீதிமன்றத்துல மைக்ரோஃபைபர்ஸ்னு ஒரு கம்பெனி போட்ட வழக்குல 2009ல இப்படித்தான் தீர்ப்பு. எது கலை, எது டிசைன்னு பிரிக்கறது எப்படின்னு 2025ல உச்ச நீதிமன்றமும் விரிவா சொல்லியிருக்கு. ஒரு பாவுல மூணு நாலு சேலை இறங்குதுன்னா, பதினஞ்சு தறி ஓட்டற முதலாளிக்கு அம்பது ஒரே சுத்துல முடிஞ்சுடும்!

"கைத்தறி தொழில் முறையான்னு கேக்கலாமே?"ன்னேன். சிரிச்சாங்க. "வாதம் பண்ணலாம் சார். ஆனா டிசைன் சட்டத்துல கையால செய்யறதும் சேர்த்தின்னே எழுதியிருக்கு."

பதிவு பண்ணினா பத்து வருஷம், நீட்டிச்சா இன்னும் அஞ்சு. தனி ஆளுக்கும் சிறு தொழிலுக்கும் மனுக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனா சேலை கடைக்குப் போறதுக்கு முன்னாடி பண்ணணும், வெளிய வந்த டிசைன் "புதுசு" இல்ல. "நம்ம ஆரணிப் பட்டுக்குத்தான் புவிசார் குறியீடு இருக்கே"ன்னு முதலாளி எங்ககிட்ட சொல்லியிருந்தார். அது ஆரணிப் பட்டுங்கற பேருக்குக் காவல், அவரோட மாங்காய் புட்டாவுக்கு இல்ல.

அதை முதலாளிகிட்ட எடுத்துச் சொன்னதுல சண்டை தணிஞ்சுது. அவர் டிசைன் ஏற்கனவே ரெண்டு சீசன் கடையில தொங்கினது, யார் வேணா பார்த்துப் போட்டிருக்கலாம். அடுத்த மூணு டிசைனைப் பதிவு பண்ணவும் கிளம்பிட்டார்.

சாஃப்ட்வேர் விஷயத்துல ரெண்டு பசங்களையும் அந்த அம்மா ஆபீஸ்லயே உக்கார வெச்சோம். முழுசா சுமுகம்னு சொல்ல முடியாது. நடுவுல ஒரு தடவை அவன் எழுந்து வெளிய போயிட்டான். கடைசியில இன்னொரு 60,000 வாங்கிக்கிட்டு, காலவரை, எல்லை எல்லாம் தெளிவா போட்டு நாலு பக்கத்துல கையெழுத்துப் போட்டான். ஏற்கனவே வாங்கின கடை அப்படியே வெச்சுக்கும், புதுசா யாருக்கும் விக்கக் கூடாது. வக்கீல் ஃபீஸ் 18,000.

மாடி ரூம்ல இருக்க ரெண்டு பசங்களுக்கும் இப்ப வேலை உத்தரவுன்னு ஒரு காகிதம் இருக்கு. கவுன்சில்ல முதல்ல சமரசப் பேச்சுதான் நடக்குமாம். பாக்கி வெச்சவர் முதல் தேதிக்கு வரல. அடுத்த தேதி குடுத்திருக்காங்க. நோட்டீஸ் போனதுக்கு அப்புறம் போனை மட்டும் எடுக்கறார்.